பம்பு மேல ஒரு கீறல்

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்தி வச்சுக்குங்க. டீசல் சொட்டுது. பாலித்தீன் பை ரெண்டு போட்டுக் கட்டி, அதுக்கு மேல யூரியா சாக்கைச் சுத்தித்தான் கொண்டாந்தேன். அப்படியும் சொட்டுது பாருங்க. எனக்கு வாச்சது எதுதான் சொன்ன பேச்சு கேட்டுச்சு, இது கேக்க.

ஐயையோ, பேண்ட்டுல பட்டுடுச்சா? தொடைக்காதீங்க, தொடைச்சா பரவும். நல்ல பேண்ட்டா வேற போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. இந்தத் துண்டை வேணும்னா மடியில போட்டுக்குங்களேன். வேணாமா? சரி. கோவிச்சுக்காதீங்க.

கேட்டைப் போட்டுட்டான். நீடாமங்கலம் கேட்டுன்னா சும்மாவா? இன்னும் எத்தனை ரயிலை விட்டுட்டுத் தூக்கப் போறானோ. பஸ் டிரைவரே டீ குடிக்க எறங்கிட்டாரு பாருங்க. நீங்க தஞ்சாவூரா? நானும் தஞ்சாவூருதான். இந்தச் சனியனைத் தூக்கிக்கிட்டு மூணாவது தடவையா போறேன்.

என்னன்னு பார்க்குறீங்களா? டிராக்டர் பம்பு. தண்ணி பம்பு இல்ல, டீசல் பம்பு. டேங்க்குல இருக்குற டீசலை, எந்தச் சிலிண்டருக்கு எப்ப எவ்வளவுன்னு அளந்து பீச்சி விடுறது இதுதான். மனுசனுக்கு நெஞ்சு மாதிரின்னு வச்சுக்குங்களேன். நெஞ்சைக் கழட்டிச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போறவன் மூஞ்சி எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்குது என் மூஞ்சி.

பேரு உத்திராபதி. மன்னார்குடிக்குத் தெக்க, மெயின் ரோட்டுலேருந்து உள்ள போகணும். ஆறு ஏக்கர் நஞ்சை. சம்பாவுக்கு நாத்து விட்டு, அது பச்சைப்பசேல்னு எழும்பி, பறிக்கிற பருவமும் வந்து, இப்ப அதையும் தாண்டிக்கிட்டு இருக்கு. வயல்ல தண்ணி கட்டி வச்சிருக்கேன். சேறு மட்டும் அடிச்சுட்டா நட்டுடலாம். நடவு ஆளு கூட சொல்லியாச்சு. சேறடிக்கிற வண்டிதான் கொட்டகையில நிக்கிது, பம்பு இல்லாம. இன்னைக்கு, மிஞ்சிப் போனா நாளைக்கு. அதுக்கு மேல நாத்து தாங்காது. முத்திப்போன நாத்தை நட்டா தூரு கட்டாது தம்பி, ஒத்தை ஒத்தையா நிக்கும். நடாம விட்டா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். ஒரு வருசத்துச் சாப்பாடு அது.

வாடகை வண்டி சொல்லலையான்னு கேப்பீங்க. எல்லாரும் ஒரே நேரத்துலதானே சேறடிக்கிறான். ஊருல இருக்குற வண்டி பூராவும் வயல்லதான் கெடக்கு. "மாமா, அடுத்த வாரம் கட்டாயம் வந்துடுறேன்"ங்கிறான். அடுத்த வாரம் வந்து எதுக்கு? என் கருமாதிக்கு உழவா?

வண்டி பழசுதான், நான் இல்லங்கல. என் பொண்ணைவிட வண்டிக்கு வயசு கூட. ஆனா பழசுன்னு யாரும் சொல்ல முடியாது, அப்படி வச்சிருப்பேன். அதைப் பின்னாடி சொல்றேன்.

ஆவணியிலேயே அடையாளம் காட்டுச்சு. காலையில செல்ஃப் அடிச்சா மக்கர். ஸ்டார்ட் ஆனா கரும்புகை. இஞ்சின் ஆயிலை அளந்து பார்த்தா, கொறையறதுக்குப் பதிலா கூடிக்கிட்டே போகுது. மோந்து பார்த்தா டீசல் வாடை. பம்பு உள்ளுக்குள்ள ஒழுகி ஆயில்ல கலக்குது. கழட்டணும், தஞ்சாவூர்ல பம்பு சர்வீஸ் கடையில குடுத்துச் சரிபண்ணணும், கொண்டாந்து மாட்டணும். இவ்வளவுதான். இது என்ன பெரிய வித்தையா?

என் சம்சாரம் அப்பவே சொன்னா. தையல்நாயகின்னு பேரு. அதிகம் பேச மாட்டா. அன்னைக்குச் சோறு போட்டுக்கிட்டே, "மதிக்கு ஒரு போன் போடுங்களேன்"னா.

மதின்னா மதியழகன். அவ கூடப்பொறந்த தம்பி. எனக்கு மச்சான். பக்கத்து ஊருதான். டிராக்டர் மெக்கானிக்கு. இந்த வண்டிக்கு இந்தப் பம்பை மாட்டுனதே அவன்தான், பல வருசத்துக்கு முன்னாடி. அவன் மாட்டுனதுலேருந்து ஒரு தொந்தரவும் இல்ல, அதையும் சொல்லிடுறேன். பொய் சொல்லக் கூடாது.

செத்தாலும் போட மாட்டேன்னுட்டேன்.

ஏன்னு கேளுங்க. என் பொண்ணு கல்யாணம். மன்னார்குடியில பெரிய மண்டபம். தாய்மாமன்தான் மாலை போட்டுப் பொண்ணை மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். அது அவன் உரிமை, நான் இல்லங்கல. முகூர்த்தம் நெருங்குது, ஐயரு கூப்பிடுறாரு, மேளக்காரரு என் மூஞ்சியையே பார்க்குறாரு, தாய்மாமனைக் காணோம். போனை எடுக்கல. கடைசியில வர்றான், பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் கிரீஸு. அந்தக் கையோட தட்டுல இருந்த மாலையை எடுக்கப் போனான். பெத்தவனுக்கு எப்படி இருக்கும்? "அந்தக் கையால என் பொண்ணைத் தொடாதடா. இது என்ன உன் ஒர்க்‌ஷாப்பா"ன்னு கேட்டுட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்துச்சு. பார்க்கட்டுமே, எனக்கென்ன.

வழியில ஏதோ வேன் நின்னு போச்சாம். அடியில படுத்துச் சரிபண்ணிட்டு வந்தானாம். ரோட்டுல நிக்கிற வேனெல்லாம் இவன் கை பட்டாத்தான் நகருமா?

யாரு வேனா? மாப்பிள்ளை வீட்டு வேன்தான். ஆமா, மாப்பிள்ளையும் அதுலதான் இருந்தாரு; வேன் முன்னாடி வந்து சேர்ந்துடுச்சு, இவன்தான் பின்னால வந்தான். இருக்கட்டும் தம்பி. அதுக்காக, வந்த எடத்துல கையைக் கழுவிட்டு வரக் கூடாதா? அதுதானே என் கேள்வி. அதுக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல.

என் சம்சாரத்தோட பெரியப்பா மகன் ஒருத்தன் டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். அவனைக் கையைப் பிடிச்சு இழுத்தாந்து மாலை போடச் சொல்லிட்டேன். மதியா? மடிச்சுக் கட்டுன வேட்டியை எறக்கி விட்டுட்டு, ஒரு ஓரமா நின்னு தாலி கட்டுறதைப் பார்த்துட்டு, சாப்பிடாமப் போயிட்டான். அதுதான் திமிரு. ரெண்டு வார்த்தை என்னைத் திருப்பித் திட்டியிருந்தான்னா அன்னைக்கே சரியாப் போயிருக்கும்.

அன்னையிலேருந்து போக்குவரத்து கிடையாது. மூணு தீபாவளி ஆச்சு. என் சம்சாரம் அவ பொறந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. நான் போகாதேன்னு சொல்லல தம்பி, அப்படி நெனச்சுடாதீங்க. போனா திரும்பி வராதேன்னுதான் சொன்னேன்.

அது கூடப் போகட்டும். அதுக்கப்புறம் ஒண்ணு நடந்துச்சு. அதைக் கேட்டீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க, அவன் எப்பேர்ப்பட்டவன்னு.

போன ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சேன். ஆளு வைக்கல, நானேதான். இஞ்சினைச் சுத்தி இருந்த எண்ணெய்ப் பிசுக்கு அத்தனையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, உப்புத்தாளு போட்டுத் தேச்சுக்கிட்டே வர்றேன். பம்பும் இஞ்சினும் சேர்ற எடத்துல பார்த்தா, ஒரு கீறல். சின்னதுன்னா விட்டுடலாம். உளியை வச்சுச் சுத்தியால போட்ட வெட்டு அது. பம்பு மேல பாதி, இஞ்சின் மேல பாதி. அந்தப் பம்புல கை வச்சவன் அவன் ஒருத்தன்தான். எப்பவோ வேலை பார்க்குறப்ப உளியை வழுக்க விட்டிருக்கான். வழுக்க விட்டவன், அத்தான் இப்படி ஆயிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? சொல்லல. இத்தனை வருசம் பிசுக்குக்கு அடியில மறைஞ்சு கெடந்திருக்கு. நம்ம புள்ளை தொடையில யாரோ கிள்ளுன தழும்பைப் பார்த்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

சும்மா விடுவேனா? அரத்தை எடுத்தேன். ராவு ராவுன்னு ராவி, தடமே தெரியாம வழவழன்னு ஆக்கிட்டேன். மேல ரெண்டு கோட்டு பெயிண்ட்டு. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். ஊருல பார்த்தவன் எல்லாம், "என்ன, ஷோரூம்லேருந்து எறக்கிட்டீங்களா"ங்கிறான். அவன் கை பட்ட அடையாளம் ஒண்ணு கூட இல்லாமப் பண்ணிட்டோம்ங்கிற திருப்தி எனக்கு. அன்னைக்கு நல்லாத் தூங்குனேன்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு நான் போன் போடணுமாம்.

வேற மெக்கானிக் இல்லையான்னு கேக்குறீங்க. இருக்கானுங்க. எங்க சுத்துவட்டாரத்துல ஸ்பேனர் பிடிக்கிறவன் பூராவும் அவன்கிட்ட தொழில் பழகுனவன். ஒருத்தனைக் கூப்பிட்டா, "மதியண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா மாமா"ங்கிறான். என் வண்டியைத் தொட அவன்கிட்ட உத்தரவு வாங்கணுமா? போடான்னுட்டேன்.

அப்புறம் என்ன, போன்லதான் எல்லாம் வருதே. தேடிப் பார்த்தேன். நம்ம வண்டி மாடலேதான். தலைப்பாகை கட்டுன ஒருத்தரு, இந்தியில பேசிக்கிட்டே பம்பைக் கழட்டுறாரு. பேச்சு எதுக்கு தம்பி, கையைப் பார்த்தாப் போதாதா? டேங்க்குலேருந்து வர்ற டீசலை மூடினாரு. மேல போற குழாய் எல்லாத்தையும் கழட்டினாரு. அப்புறம் சாக்பீஸை எடுத்து, பம்பு மேல வெள்ளையா ஒரு இழுப்பு இழுத்தாரு. அந்த எடத்துல விரலை வச்சு வச்சுக் காட்டி ரொம்ப நேரம் பேசினாரு. சரி, அவங்க ஊரு வழக்கம், சாமி கும்பிட்டுட்டுத்தான் கை வைப்பாங்க போலன்னு நெனச்சேன். நல்ல பழக்கம்தானே? நானும் உள்ள போயி விபூதி எடுத்தாந்து, பம்பு மேல மூணு விரலால பட்டையா இழுத்து, "மாரியம்மா, நல்லபடியா கழட்டி மாட்டிக் குடு தாயே"ன்னு வேண்டிக்கிட்டுத்தான் முதல் நட்டுல ஸ்பேனரை வச்சேன். சாமியை மறந்துட்டுச் செஞ்சான்னு யாரும் என்னைச் சொல்லிடக் கூடாது பாருங்க.

கழட்டுறது இருக்கே, அது ஒரு நரகம். பம்பை இஞ்சினோட பிடிச்சிருக்கிறது மூணு நட்டு. வெளிப்பக்கம் இருக்குற ரெண்டு சுளுவா வந்துடுச்சு. உள்பக்கத்து நட்டு இருக்கு பாருங்க, கண்ணும் போகாது, கையும் போகாது. படுத்துக்கிட்டு, தடவித் தடவி, கால் சுத்து கால் சுத்தா எடுக்கணும். ஸ்பேனர் நழுவி நழுவி விரல் முட்டி அத்தனையும் தோலு உரிஞ்சு போச்சு, இந்தா பாருங்க. முன்னாடி மூடியைத் திறந்து, கியர்ல இருக்குற போல்ட்டைக் கழட்டுனேன். ஒரு வாஷர் உள்ள விழுந்துடுச்சு. காந்தத்தைக் கம்பியில கட்டி விட்டு அதை மீன் புடிக்கிற மாதிரி எடுத்தேன். என் சம்சாரம் டார்ச்சு புடிச்சுக்கிட்டு நின்னா. "இதெல்லாம் அவனுக்கு..."ன்னு ஆரம்பிச்சா. நான் பார்த்த பார்வையில நிறுத்திட்டா. ஆனா கழட்டிட்டேன்ல? யாரு துணையும் இல்லாம.

வெளிய எடுத்து டீசல் ஊத்திச் சுத்தமா கழுவுனேன். விபூதி, தூசி எல்லாம் போயி பளிச்சுன்னு ஆயிடுச்சு. தஞ்சாவூர் கடைக்காரரு உள்ள சீல் போயிருக்குன்னு மாத்திக் குடுத்தாரு. குடுக்குறப்பவே ஒரு கேள்வி கேட்டாரு. "கோடு பார்த்துத்தானே கழட்டுனீங்க?"ன்னாரு. என்னைப் பார்த்தா ஒண்ணும் தெரியாதவன் மாதிரி இருக்கா? "எல்லாம் பார்த்துத்தான் கழட்டுனேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க"ன்னுட்டு வந்துட்டேன்.

கொண்டாந்து மாட்டுனேன். அந்த மூணு நட்டுக்கும் பம்புல இருக்குற ஓட்டை வட்டமா இல்ல தம்பி, நீளமா இருக்கு. பம்பை இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பலாம், அந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பலாம். எதுக்கு அப்படி வச்சிருக்கான்? நம்மள மாதிரி ஆளு மாட்டுறப்ப சுளுவா உக்காரட்டும்னுதான் வச்சிருப்பான்னு நெனச்சு, நடுவாந்தரமா வச்சு இறுக்குனேன். குழாயெல்லாம் மாட்டி, நுரை நிக்கிற வரைக்கும் அமுக்கி அமுக்கிக் காத்தை வெளியேத்தி, மூணு தடவை சாமி கும்பிட்டுட்டு செல்ஃப் அடிச்சேன்.

வெள்ளைப் புகை. கொட்டகை ரொம்பி, தெருவுல போயி, பக்கத்து வீட்டு சிங்காரவேலு கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கன்னு கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டான். இஞ்சின் மட்டும் பிடிக்கல. பேட்டரி எறங்குற வரைக்கும் அடிச்சேன். பிடிக்கல.

பம்பு சரியில்லைன்னு கழட்டித் தூக்கிக்கிட்டுப் போனா, அந்தக் கடைக்காரரு மிஷின்ல ஏத்தி ஓட்டிக் காட்டுறாரு. வரிசையா நிக்கிற கண்ணாடிக் குழாய்ல எல்லாம் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏறுது. "பம்பு பிரமாதமா இருக்கு ஐயா. மாட்டுறதுலதான் கோளாறு. முதல்ல மாட்டுனவரு யாரோ அவரைக் கூப்பிடுங்க"ங்கிறாரு. அவரும் அவனுக்குப் பழக்கமா இருப்பாரு போல. எல்லாம் ஒரே கூட்டம். மறுபடி கொண்டாந்து மாட்டுனேன். இந்தத் தடவை பம்பை நல்லா இழுத்து ஒரு ஓரத்துக்குத் தள்ளி இறுக்குனேன். ஸ்டார்ட் ஆச்சு தம்பி! ஆச்சு, ஆனா உள்ள எவனோ சம்மட்டி வச்சு அடிக்கிற மாதிரி டங்கு டங்குன்னு ஒரு சத்தம். வண்டியே ஆடுது. என் சம்சாரம் அடுப்படியிலேருந்து ஓடியாந்து காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. பயந்து போயி நிறுத்திட்டேன்.

அதான் இப்ப மூணாவது தடவை. இன்னைக்கு விடப் போறதில்ல. சரியா குடுக்குற வரைக்கும் அந்தக் கடை வாசல்லயே உக்காந்துடப் போறேன்.

நேத்து சாயங்காலம் என்ன பண்ணுனா தெரியுமா, தையல்நாயகி? நாத்தங்காலுக்குப் போயி ரெண்டு நாத்தைப் பறிச்சு, வேரைக் கழுவி, நான் சாப்பிடுற தட்டுக்குப் பக்கத்துல வச்சா. எடுத்துப் பார்த்தேன். அடியில கணு விட ஆரம்பிச்சிருக்கு, முத்திக்கிட்டு வருது. எனக்குச் சோறு எறங்கல தம்பி. நாப்பது வருசமா வயல்ல கெடக்குறேன், நாத்தை மாட்டுக்கு அறுத்துப் போட்டவன்னு எனக்குப் பேரு வரணுமா? அவ தம்பி பேரைச் சொல்லுவா, சொன்னா ஒரு சண்டை போட்டுடலாம்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். சொல்லல. தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அக்காவும் தம்பியும் அதுல ஒண்ணு.

இருங்க, போன் அடிக்குது. எங்க வச்சேன்... வீட்டுலேருந்துதான்.

ஹலோ. சொல்லு. இல்ல, இன்னும் நீடாமங்கலம் கேட்டுலதான்... என்னது? யாரு? யாரு வந்திருக்கிறது? நீ கூப்பிட்டியா? யாரைக் கேட்டு நீ... சரி, கத்தல. பஸ்லதான் இருக்கேன், கத்தல.

பார்த்தீங்களா தம்பி வேலையை? நான் பஸ் ஏறுனதும் அவனுக்குப் போன் போட்டிருக்கா. வந்துட்டானாம். கொட்டகையில நிக்கிறானாம், என் வண்டிக்குப் பக்கத்துல. மூணு வருசம் வராதவன், அக்கா ஒரு வார்த்தை சொன்னதும்... ஹலோ. ஆங், என்ன? என்கிட்ட பேசணுமாமா? குடு. குடேன், நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?

ம். சொல்லு. ... நல்லா இருக்கேன். ... ஆமா, நான்தான் கழட்டுனேன். ... என்ன கோடு? ... எங்க? ... பம்பும் இஞ்சினும் சேர்ற எடத்துலயா? ... உளியாலயா?

...

இல்ல, கேக்குது. லைன்லதான் இருக்கேன். சொல்லு. ... ம். ... ம். ... அது எங்க போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? துரு புடிச்சு மறைஞ்சிருக்கும். பழைய வண்டிதானே? ... ஹலோ? ஹலோ? சரியா கேக்கல. இங்க ரயில் வருது. வச்சுடுறேன்.

ரயிலா? வரும் தம்பி. கேட்டைப் போட்டவன் ரயில் விடாமயா இருப்பான்?

தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு வாய் குடுங்க.

அது வந்து... அந்தக் கீறல் சொன்னேன்ல. அது கீறல் இல்லையாம். முதல்ல பம்பை மாட்டி, எல்லாம் சரியா ஓடுன நிலையில, பம்பையும் இஞ்சினையும் சேர்த்து அவன் வெட்டி வச்ச கோடாம். மறுபடி எப்பக் கழட்டி மாட்டுனாலும், இந்தப் பாதியும் அந்தப் பாதியும் நேரா வர்ற மாதிரி பம்பைத் திருப்பி வச்சு இறுக்கிட்டாப் போதுமாம். அப்பத்தான் டீசல் சரியான நேரத்துக்குப் பீச்சுமாம். கொஞ்சம் தள்ளிப் போனா புகையாம், முந்திப் போனா அந்தச் சம்மட்டிச் சத்தமாம். "நான் இல்லாட்டியும் நீங்களே மாட்டிக்கலாமேன்னுதானே அத்தான் அதை வெட்டி வச்சேன்"ங்கிறான்.

அத்தான்னுதான் சொன்னான்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்குறீங்க? வெட்டுனவன் சொல்ல வேணாமா? இது இதுக்குத்தான்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா நான் ஏன் அரத்தை எடுக்கப் போறேன்? பெயிண்ட் அடிக்கிறவனுக்கு எது கோடு, எது கீறல்னு எப்படித் தெரியும்? அந்த இந்திக்காரரு சாக்பீஸால போட்டதும் அதுக்குத்தான் போல. அதையாவது தமிழ்ல சொல்லியிருக்கலாம். எல்லாரும் சேர்ந்து என்னை... நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க.

மறுபடி அடிக்கிறா.

சொல்லு. ... ம். இஞ்சினைத் தொடைச்சுப் பார்த்தானா? ... விரலை வச்சுத் தடவிப் பார்த்தானா? ... அரம் போட்டிருக்குன்னு சொல்லிட்டானா? ... என்ன சொன்னான்? ... சிரிச்சானா? எப்படிச் சிரிச்சான்? ... சும்மான்னா? சரி விடு.

ம். ... கோடு இல்லாமலும் வைக்க முடியுமாமா? ... பம்பைத் திருப்பிக்கிட்டே வந்து, டீசல் சொட்டுறது எங்க நிக்குதுன்னு பார்த்து இறுக்குனாப் போதுமா? ... சரி. ... நான் வந்தா, சாயங்காலத்துக்குள்ள வயல்ல எறக்கிடலாங்கிறானா? நெசமா சொன்னானா? ... நாத்தைப் போயிப் பார்த்தானா? ... நாளைக்கே பறிக்கலாமா? நீ என்ன சொல்ற? ... ஏய், எதுக்கு அழுவுற? அழுவாத. ஆளுங்க பார்க்குறாங்க... இங்க பஸ்ல.

என்ன? ... புதுசா ஒரு கோடு வெட்டணுமாமா? ... அதுக்கு என்னை எதுக்குக் கேக்குறான்? ... என்னைக் கேட்டுட்டுத்தான் உளியை எடுப்பேன்னு சொன்னானா? அப்படியே சொன்னானா?

...

இருக்கேன், இருக்கேன். அவன்கிட்ட சொல்லு. ஆழமா வெட்டச் சொல்லு. மேலாக்க இல்ல, நல்லா ஆழமா. எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்சாலும், எந்த மடையன் வந்து அரம் போட்டாலும் போகாத மாதிரி வெட்டச் சொல்லு. ... ஆமா, நான்தான் சொன்னேன்னு சொல்லு.

அப்புறம், அவன் சாப்பிட்டானா? ... போட்டுக் குடு. ... வேணாங்கிறானா? ஏனாம்? ... கை பூரா கிரீஸா?

பரவால்லன்னு சொல்லு. அந்தக் கையோடவே உக்காரச் சொல்லு. நான் வர்றதுக்குள்ள சாப்பிட்டிருக்கணும்.

கண்டக்டர் தம்பி! கண்டக்டர் தம்பி, நான் இங்கயே எறங்கிக்கிறேன். தஞ்சாவூர் டிக்கெட்டுதான், இருக்கட்டும். மன்னார்குடிக்கு எதுத்தாப்புல வர்ற பஸ் இங்கதானே நிக்கும்?

தம்பி, இந்தச் சாக்கோட அந்த முனையைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. ஐயோ, மறுபடியும் உங்க பேண்ட்டுதானா? பார்த்து. நான் போறேன், போயி மாட்டணும். ஆனா ஒண்ணு தம்பி, அவன் வெட்டுறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன். இந்தத் தடவையாவது எதுக்கு வெட்டுறேன்னு வாயைத் திறந்து சொல்லிட்டு வெட்டட்டும்.